வயித்தைச் சின்னதாக்கின கதை

முன்குறிப்பு: நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் பொட்டி தட்டுகிற தர்மபுரிக்காரன். இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷன் பண்ணிக்கவும் வேண்டாம், பண்ணிக்கப் போகிறவர்களைத் தடுக்கவும் வேண்டாம். வரலாறு மட்டும்தான் நம்ம ஏரியா.

'எடை குறைக்க ஆபரேஷன்' என்றதும் நம்மாட்கள் பலர் நினைப்பது, குழாயை உள்ளே விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதைத்தான். அது லைப்போசக்‌ஷன், வேற டிபார்ட்மென்ட். நான் சொல்ல வந்தது பேரியாட்ரிக் சர்ஜரி. இது கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையைச் சின்னதாக்கும், சில வகைகளில் குடலையும் மாற்றி இணைக்கும், அவ்வளவுதான். இது எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் ஆச்சரியமான ஒரு விஷயம். இதோட மூலம் குண்டானவர்களுக்காக யோசித்த வைத்தியமே இல்லை. அல்சருக்குப் பண்ணின ஆபரேஷன்! அல்சர் ஆபரேஷன் என்றால் நம்ம தமிழ்நாட்டுக்கு அதில் பெரிய சரித்திரமே இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் என்று ஒரு ஊர். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே இருந்த லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு 1920-களில் வந்து சேர்ந்தவர் ஹோவர்ட் சாமர்வெல். மலையேற்றப் புத்தகம் படிக்கிற மக்களுக்கு இந்தப் பேர் தெரிந்திருக்கும். 1922, 1924 இரண்டு எவரெஸ்ட் பயணங்களிலும் போனவர். 1924-ல் ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் கிட்டத்தட்ட 28,000 அடி வரைக்கும் ஏறினவர். மல்லோரி கடைசியாக உச்சிக்குக் கிளம்பியபோது கையில் எடுத்துப் போனதாகச் சொல்லப்படும் கேமரா (இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்) இவர் கொடுத்ததுதான். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூரில் கூட்டத்தையும் பார்த்தார், போதாத டாக்டர்களையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். கடைசிக் காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் இருந்தார்.

நெய்யூரில் அவரிடம் வந்தவர்களில் பெருங்கூட்டம் வயிற்றுவலிக்காரர்கள். முன்சிறுகுடலில் புண். வருஷக்கணக்கில் ஆறாமல் போய், தழும்பேறி, இரைப்பையின் வாசலே சுருங்கிப்போய், சாப்பிட்டதை எல்லாம் வாந்தியெடுக்கிற நிலையில் வருவார்கள். ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் பண்ணினார். கூட வேலை பார்த்த ஆர் என்ற டாக்டரோடு சேர்ந்து 1936-ல் பிரிட்டிஷ் சர்ஜரி இதழில் ஒரு கட்டுரையே எழுதினார். மருந்து என்று உருப்படியாக ஒன்றும் இல்லாத காலம். கத்திதான் வழி. இரைப்பையில் ஒரு ஓட்டை போட்டுச் சிறுகுடலோடு நேரே இணைப்பது ஒரு முறை. இரைப்பையில் பெரும் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைப்பது இன்னொரு முறை. இரண்டும் 1880-களில் வியன்னாவில் பில்ரோத் என்ற மேதையின் கூடத்திலிருந்து கிளம்பினவை.

எங்க ஊர்ப் பக்கம் தாத்தா காலத்து ஆட்கள் சிலருக்குச் சட்டையைக் கழற்றினால் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் நெட்டாக ஒரு தழும்பு தெரியும். சேலம் பெரியாஸ்பத்திரியில் வைத்த கத்தி. அந்தப் பெருசுகள் பெரும்பாலும் ஒல்லி. கேட்டால், 'ஆபரேசன் பண்ணதிலேருந்து சோறு இறங்கறதில்ல தம்பி, நாலு வாயிலயே ரொம்பிடுது' என்பார்கள். நமக்கு அது ஒரு குறை. 'பாவம், உடம்பே தேறல' என்று முடித்துவிடுவோம்.

(இடைச்செருகல் ஒன்று. மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஃப்ராங்க் டோவி என்ற சர்ஜன், இந்தியாவில் அல்சர் எங்கே அதிகம், எங்கே கம்மி என்று வருஷக்கணக்கில் பார்த்தார். அரிசியும் மரவள்ளியும் முக்கியச் சாப்பாடான பக்கங்களில் அதிகம், தீட்டாத கோதுமையும் சில சிறுதானியங்களும் தின்கிற பக்கங்களில் கம்மி என்பது அவர் கணக்கு. அப்புறம் கொள்ளு! கொள்ளில் இருக்கும் கொழுப்புப் பொருளுக்குப் புண்ணைத் தடுக்கிற குணம் இருப்பதாக எலிகளிடம் சோதித்தும் எழுதினார்கள். கொள்ளு ரசம் வைக்கிற ஊர்க்காரனாக இதை எழுதும்போது கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை :-) கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று வேறு நம்ம ஊரில் சொல்வார்கள். எலிக்குப் பலித்தது அது இல்லை, புண்ணுதான்.)

இப்போ அமெரிக்கா போவோம். 1950-களில் அங்கே உடல் பருமனுக்கு வேறொரு ஆபரேஷன் ஆரம்பித்திருந்தது. 1954-ல் மின்னசோட்டாவில் கிரெமென், லின்னர் குழுவினர் எழுதினது. லாஜிக் படு சிம்பிள்: குடல் நீளமாக இருப்பதால்தானே சத்து உறிஞ்சப்படுகிறது, குடலைச் சுருக்கிவிட்டால்? வெட்டி எறிய மாட்டார்கள், நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டு இரண்டு நுனிகளை இணைப்பார்கள். மொத்தச் சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர். பிறகு பிரபலமான வடிவத்தில் சோறு ஓடுகிற பாதையில் மிஞ்சியது மேலே 14 அங்குலம், கீழே 4 அங்குலம். அரை மீட்டர்கூட இல்லை!

எடை குறைந்தது. கூடவே மற்றதெல்லாம் வந்தது. நிற்காத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, வைட்டமின் ஏ இல்லாமல் மாலைக்கண். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து உயிர் போனது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பேருக்குப் பண்ணிவிட்டு, பிறகு பலருக்குத் திரும்பத் திறந்து பழையபடி மாற்ற வேண்டி வந்தது. 'குண்டு ஆபரேஷனா, ஐயோ' என்று இன்றைக்கும் டாக்டர்களிலேயே ஒரு தலைமுறை பதறுவதற்குக் காரணம் இந்த இருபது வருஷம்தான் என்று நினைக்கிறேன்.

அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்று ஒரு சர்ஜன். அல்சருக்காக இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டின பெண்கள் மெலிந்து போவதையும், அப்புறம் எவ்வளவு முயன்றாலும் எடை ஏறாததையும் கவனிக்கிறார். எங்க ஊர்த் தாத்தாக்கள் சொன்ன அதே 'நாலு வாயிலயே ரொம்பிடுது' சமாச்சாரம். மற்ற சர்ஜன்களுக்கு அது பக்கவிளைவு. இவர், இதே விளைவுதானே பருமன் உள்ளவருக்கு வேண்டியது என்று யோசித்தார். 1966-ல் இட்டோ என்பவரோடு சேர்ந்து முதல் கேஸ்ட்ரிக் பைபாஸைச் செய்தார். இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுவது. வெட்டி எறிவது எதுவும் இல்லை, பெரிய இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும். 1977-ல் கிரிஃபன் என்பவர் இணைப்பை ஒய் வடிவத்துக்கு மாற்றினார். 1994-ல் விட்குரோவும் கிளார்க்கும் அதையே வயிற்றைக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப்பில் பண்ணியதை எழுதினார்கள்.

மேசனிடம் எனக்குப் பிடித்தது இந்த ஆபரேஷன்கூட இல்லை, அதற்குப் பிறகு செய்தது. முந்தின குடல் பைபாஸ் கூத்தைக் கண்ணால் பார்த்தவர். ஆபரேஷன் பண்ணிவிட்டு 'நன்றி, போய் வாங்க' என்று அனுப்பினால் பத்து வருஷம் கழித்து என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாமலே போகும் என்பது அவருக்குத் தெரியும். 1980-களின் நடுவில், இந்த ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்ய ஒரு பொதுப் பதிவேடு ஆரம்பித்தார். நம்ம பாஷையில் சொன்னால், கோடு எழுதினவனே லாகும் எழுதி, ப்ரொடக்‌ஷனில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தான். 2020-ல், 100 வயதில் காலமானார்.

அதே கதையின் அடுத்த திருப்பமும் எதிர்பாராமல் வந்ததுதான். வட கரோலினாவில் வால்டர் போரீஸ் குழு பருமனுக்காகப் பைபாஸ் பண்ணிக்கொண்டே இருந்தது. பண்ணிக்கொண்டவர்களில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சில நாட்களிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. எடை குறைவதற்கு முன்னாடியே! 1995-ல் அவர்கள் எழுதின கட்டுரையில், டைப் 2 சர்க்கரை இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு அளவு சாதாரண நிலைக்கு வந்து நின்றிருந்தது. 'யார் நினைத்திருப்பார்கள்' என்ற பொருளில்தான் தலைப்பே வைத்தார்கள்.

குடலைச் சும்மா ஒரு பைப் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது. குடலும் இரைப்பையும் ஹார்மோன் சுரக்கிற உறுப்புகள். 1999-ல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்ற பசி ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் இரைப்பையில்தான் உற்பத்தி. பைபாஸுக்குப் பிறகு சாப்பாடு சிறுகுடலின் கீழ்ப்பகுதியைச் சீக்கிரம் தொடுவதால் ஜி.எல்.பி.-1 என்ற இன்னொரு ஹார்மோன் எகிறுகிறது, இன்சுலினைத் தூண்டுகிறது, வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது. 2025-ல் இந்தியாவில் அடுத்தடுத்து இறங்கின மௌஞ்சாரோ, வீகோவி ஊசிகள் இருக்கிறதே, அவை ஊசி வழியாக ஆடுவதும் இதே ஆட்டத்தைத்தான்.

மூன்றாவது தற்செயல், இன்றைக்கு உலகத்தில் அதிகமாகப் பண்ணப்படுகிற ஸ்லீவ். இரைப்பையை நெட்டாக வெட்டி, முக்கால் பாகத்துக்கு மேல் வெளியே எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவது. இதைத் தனி ஆபரேஷனாக யாரும் திட்டம் போடவில்லை. 2000 வாக்கில் மிஷேல் கான்யே என்ற சர்ஜன், ரொம்ப அதிக எடை உள்ளவர்கள் பெரிய ஆபரேஷனை ஒரே மூச்சில் தாங்க மாட்டார்கள் என்று இரண்டு தவணையாகப் பிரித்தார். முதல் தவணை ஸ்லீவ், எடை கொஞ்சம் குறைந்ததும் இரண்டாவது. முதல் தவணையிலேயே போதுமான அளவு குறைந்துவிட்டதால், பலருக்கு இரண்டாவது தவணையே தேவைப்படவில்லை. பீட்டா வெர்ஷனே ரிலீஸ் ஆகிவிட்ட கதை. ஆனால் ஒன்று, பைபாஸையாவது திரும்ப மாற்ற வழி உண்டு. ஸ்லீவில் வெட்டி எடுத்தது எடுத்ததுதான்.

இதையெல்லாம் நான் தோண்டக் காரணம் எங்க பெரியம்மா பொண்ணு, பாலக்கோடு பக்கம். 155 செ.மீ. உயரம், 88 கிலோ. முப்பத்தெட்டு வயசு, ஏழு வருஷமாகச் சர்க்கரை. போன வருஷம் டாக்டர் ஒருத்தர் இந்த ஆபரேஷனைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இரண்டு கட்சி. 'வாயைக் கட்டினா போதும், இதுக்குப் போய் வயித்த அறுப்பாங்களா' என்று மாமா. 'பேப்பர்ல வருதே, பண்ணிக்கிட்டா மூணு மாசத்துல ஒல்லியாயிடலாமாம்' என்று அவர் தங்கச்சி. அக்கா எனக்கு போன் போட்டு, 'தம்பி, நீதான் எல்லாத்தையும் நெட்ல பாப்பியே, நெஜமா என்னன்னு பாத்துச் சொல்லு' என்றார்.

முதலில் மாமா கட்சி. எடையைக் குறைத்தால் உடம்பு சும்மா இருக்காது. அமெரிக்க டிவியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று பிரபலம். அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் குழு அளந்து 2016-ல் எழுதியது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கம்மி. பெரும்பாலானவர்களுக்குப் போன எடை நிறையத் திரும்பி வந்திருந்தது. அத்தனை பேரும் டிவி முன்னாடி வியர்வை சிந்தினவர்கள், வாயைக் கட்டாதவர்கள் இல்லை.

தங்கச்சி கட்சிக்கு ஸ்வீடன் பதில் சொல்லும். 1987-லிருந்து சுவீடிஷ் ஒபீஸ் சப்ஜெக்ட்ஸ் என்று ஒரு ஆய்வு. ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள் 2,010 பேர், பண்ணிக்கொள்ளாதவர்கள் 2,037 பேர். சராசரியாகப் பதினோரு வருஷம் பின்தொடர்ந்து 2007-ல் எழுதினார்கள்: பண்ணிக்கொண்டவர்களில் இறந்தது 101, பண்ணிக்கொள்ளாதவர்களில் 129. பலன் நிஜம். ஆனால் அதே ஆய்வில் சர்க்கரை விஷயத்தைப் பாருங்கள். இரண்டு வருஷத்தில் 72 சதவீதம் பேருக்கு வியாதி அடங்கியிருந்தது. பத்து வருஷத்தில் அது 36. பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிட்டது. விளம்பரத்தில் முதல் நம்பர்தான் வரும்.

அப்புறம் யாருக்குப் பண்ணலாம் என்ற கணக்கு. 1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் போட்ட கோடு: பி.எம்.ஐ. 40, அல்லது கூடவே வியாதி இருந்தால் 35. வெள்ளைக்கார உடம்பை வைத்துப் போட்டது. நம்ம உடம்பு வேற. புனேயின் யாக்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-ல் லான்செட்டில் தங்கள் இரண்டு பேர் படத்தையே போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! ஒல்லியாகத் தெரிகிற இந்தியன் உள்ளே குண்டு. 2022-ல் சர்வதேச சர்ஜன் சங்கங்கள் கோட்டை மாற்றி வரைந்தபோது ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றார்கள்.

ஆனால் இன்சூரன்ஸுக்கு அது தெரியாது. 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்த பொது வாசகத்தில் இன்னும் 40, அல்லது 35-ஓடு குறிப்பிட்ட கடும் வியாதி. அந்தப் பட்டியலில் இருப்பது 'கட்டுக்குள் வராத' டைப் 2 சர்க்கரை. அக்காவுக்கு பி.எம்.ஐ. 36.6. ஒழுங்காக மாத்திரை போட்டு, களியைக் குறைத்து, நடந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் சர்க்கரையைக் காட்டி கிளெய்ம் பண்ண முடியாது. பொறுப்பாக இருந்தவருக்குக் கதவைச் சாத்துகிற இஃப் கண்டிஷன். இப்படி ஒரு லாஜிக்கை நான் எழுதியிருந்தால் டீம் லீடு ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கைக்காசு என்றால் சில லட்சம், அதாவது எங்க பக்கத்தில் ஒரு துண்டு நிலம்.

இந்தியாவில் இதற்கென்று சங்கம் தொடங்கினது 2002-ல். 2011-ல் நிதின் கட்கரி, 2014-ல் அருண் ஜெட்லி பண்ணிக்கொண்டது செய்தியாக வந்தது. 2017-ல் எகிப்திலிருந்து ஒரு பெண்ணைச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்ததை டிவியில் எல்லாரும் பார்த்தோம், சில மாதங்களில் அவர் அபுதாபியில் இறந்தார். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் இந்த ஆபரேஷனுக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்ததும் அரசு விசாரணை நடந்தது. அக்கா வீட்டில் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது இந்தக் கடைசிச் செய்திதான். பயப்பட வேண்டியதுதான். ஆனால் ஸ்வீடன் கணக்கில் ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் இறந்தது 2,010 பேரில் 5 பேர்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, பேப்பரில் வராத விஷயம். பி-12 உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரும்புச்சத்துக்கு இரைப்பை அமிலமும் முன்சிறுகுடலும் வேண்டும். இரைப்பையைச் சுருக்கியோ சுற்றுப்பாதை போட்டோ விட்டால் இரண்டும் அடிபடும். வாழ்நாள் முழுக்க மாத்திரை அல்லது ஊசி, வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. ஒழுங்காகப் பார்க்காவிட்டால் ரத்தசோகை, எலும்பு தேய்மானம், நரம்புக் கோளாறு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதே ஆய்வில், அதே பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. குண்டாக இருக்கிறவர் சத்தோடு இருக்கிறார் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இரும்பு போதாத உடம்பில், இரும்பு ஏறுகிற வழியையும் சுருக்குகிறோம்.

ஆபரேஷன் கோவையிலோ பெங்களூரிலோ மூன்று நாளில் முடிந்துவிடும். மிச்சம் முப்பது வருஷம் பாலக்கோட்டில். நாலாவது வருஷம் கை கால் மரத்துப்போனால் உள்ளூரில் பார்க்கிற டாக்டர், 'சர்க்கரையால வருது' என்று சொல்லிவிட எல்லா வாய்ப்பும் உண்டு. தர்மபுரியில் 2008-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அந்தப் பையில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒரு பி-12 ஊசியும், ஆறு மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டும் சேர்ந்து வந்தால்? மேசன் பதிவேடு போட்டு அயோவாவில் பண்ணினதை நம்ம செவிலியர் அக்காக்கள் டூ வீலரில் பண்ணிவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை.

அக்காவுக்கு நான் 'பண்ணு', 'பண்ணாதே' இரண்டும் சொல்லவில்லை. சர்ஜனிடம் கேட்க நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன். ஸ்லீவா பைபாஸா, ஏன்? உங்களிடம் பண்ணிக்கொண்டவர்களில் அஞ்சு வருஷம் கழித்தும் வந்து போகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு இப்போதைய ஹீமோகுளோபின், பி-12 எவ்வளவு? பாலக்கோட்டில் இருந்தால் யாரிடம் காட்டுவது? முதல் கேள்விக்கு டாக்டர் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினாராம். இரண்டாவதுக்கு, 'அடுத்த விசிட்டில் எடுத்துச் சொல்றேம்மா' என்றிருக்கிறார். ஹீமோகுளோபின் 9.2. அதை முதலில் ஏற்றிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போ இரும்பு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது.

கொசுறு: இந்த ஆபரேஷன் சரித்திரத்தை எல்லாரும் பத்தாம் நூற்றாண்டு ஸ்பெயினில், லெயோன் நாட்டு ராஜா முதலாம் சாஞ்சோவிலிருந்து ஆரம்பிப்பார்கள். குதிரையேற முடியாத அளவுக்குக் குண்டு, 958-ல் பதவியே போனது. பாட்டி தோடா அவரைக் கோர்டோபாவுக்கு அழைத்துப் போக, அங்கே ஹஸ்தாய் இப்னு ஷப்ருத் என்ற யூத வைத்தியர் இளைக்க வைத்தார். உதடுகளைத் தைத்து, குழல் வழியாகக் கஷாயம் மட்டும் கொடுத்தார் என்று ஒரு கதை. கதைதான், ஆனால் இளைத்ததும் 960-ல் பதவியைத் திரும்பப் பிடித்ததும் நிஜம். எங்க தகடூர் அதியமானுக்கு நெல்லிக்கனி வாய்த்த மாதிரி இவருக்கும் ஒரு பழம் வாய்த்தது. 966-ல் யாரோ கொடுத்த ஆப்பிளில் விஷம் என்கிறார்கள்.